நானோ அடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டுக்குள் நானோ என்ற வார்த்தையைக் கொண்டுவந்தவள் நான்தான். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் என் அப்பா ஜம்புலிங்கத்துக்கு, எங்கள் நைனாவுக்கு, இடது காலில், கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். சர்க்கரைக்காரர். செருப்பு கடித்ததைப் பத்து நாள் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கண்டுபிடித்தபோது அது எட்டணா அகலத்துக்கு வந்திருந்தது. ஊசி, மாத்திரை எதற்கும் புண்ணுக்குள் இருந்த கிருமி மசியவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

நான் வேலை பார்க்கும் லேப் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறது. பதினாலு வருஷமாக எங்கள் தங்கச் சுரங்க ஊரின் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிறேன். அங்கே துத்தநாக ஆக்ஸைடை, அதாவது ஜிங்க் ஆக்ஸைடை, நானோ அளவுக்குச் சன்னமாக்கி, காயத்துக்குக் கட்டுகிற துணியில் ஏற்றுகிறோம். அந்தத் துணியை ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி நைனாவின் பெயரையும் அதில் சேர்த்தேன். ஏழு வாரத்தில் புண் மூடிக்கொண்டது. விரல் தப்பியது.

"அப்படி இன்னாமா கீது இந்தத் துணியில?" என்று கேட்டார் நைனா.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் உளறிக் கொட்டினேன். "நானோ, நைனா. ஒரு தலைமுடியை ரெண்டாயிரமா பொளந்தா ஒரு இழை எவ்ளோ சன்னமா இருக்கும், அவ்ளோதான் அது. கிருமி மேல போய் ஒட்டிக்கும். அதோட தோலைக் கிழிச்சிடும். மருந்துக்கு அடங்காத கிருமியே செத்துடும்."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நைனா நானோவுக்கு விளம்பர அதிகாரி ஆகிவிட்டார். சுரங்க லைன் வீடுகள் முழுக்க, டீக்கடை முழுக்க, கால் செருப்பைக் கழற்றி விரலைக் காட்டினார். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர் சங்கத்து ஹாலில் கேரம் போர்டுக்குப் பக்கத்திலேயே காலைத் தூக்கிக் காட்டினாராம். "நம்ம ரூபா செஞ்ச மருந்து" என்று வேறு. நான் அங்கே பாட்டில் கழுவுகிறேன், பொடி நிறுக்கிறேன், ரிஜிஸ்டர் எழுதுகிறேன். இதைச் சொன்னால் தன்னடக்கம் என்கிறார்.

இத்தனைக்கும் அவர் கால் ஒன்றும் பெரிய பிரச்சனை இல்லை. நெஞ்சுதான் பிரச்சனை. இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிற மிஷின் பிடித்தவர். பாறைத் தூசி நுரையீரலில் இறங்கித் தழும்பாகிவிட்டது. போன தடவை மூச்சின் பலம் பார்க்கக் குழாயில் ஊதச் சொன்னபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இதுக்கு மேல ஒரு பிடி தூசி உள்ள போனாலும் தாங்காதும்மா. போச்சுன்னா வீட்டுல ஆக்ஸிஜன் சிலிண்டர்தான்." அந்த வார்த்தையைத் தினமும் ரயிலில் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனி மாதம் காற்று ஆரம்பித்தது. பாறையை அரைத்துத் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சைனைட் மேட்டிலிருந்து மண் கிளம்பி, துவைத்துப் போட்ட துணியெல்லாம் சாம்பலாகிவிடும் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நைனாவுக்குக் குளிர் ஜுரம். பல் கிட்டிப் போகிற நடுக்கம், நெஞ்சில் இறுக்கம். திங்கட்கிழமை காலையில் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து இட்லி தின்றார். அடுத்த ஞாயிறும் அதே. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவது ஞாயிறும் வந்தது.

"சைலஸுக்கும் இதே மாதிரிதான் வருது. ஞாயித்துக்கெழமை வந்தா ஜுரம், திங்கக்கெழமை ஓடிப் போய்டுது" என்றார் நைனா, போர்வைக்குள்ளிருந்து, ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி. சைலஸ் மாமா அவரோடு ஒரே சுரங்க ஷாஃப்டில் இறங்கினவர். "பயப்படாத. மருந்து வேலை செய்யுது, அவ்ளோதான்."

"இன்னா மருந்து?"

நைனா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அம்மா பாப்பம்மா சமையலறையில் அவசரமாகக் குக்கரைக் கழுவ ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது, இரண்டு பேருக்குமே தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாது.

"நைனா. இன்னா மருந்து?"

"நம்ம நானோதான்" என்றார்.

விஷயம் இது. வைகாசிக் கடைசியில் சங்கத்து ஆட்களில் நாலு பேருக்கு நெஞ்சுச் சளி பிடித்து, ஒருவருக்கு டிபி என்று தெரிந்தது. ஹாலில் கிருமி இருக்கிறது என்று பேச்சு வந்தது. கிருமியா, நம்மிடம்தான் நானோ இருக்கிறதே என்று என் தகப்பனார் எழுந்து நின்றிருக்கிறார். நேராக ஆண்டர்சன்பேட்டை பஜாரில் வாசு கடைக்குப் போயிருக்கிறார். வாசு பூதிகோட்டைத் தக்காளிக்காரர்களுக்கு உரமும் பூச்சி மருந்தும் விற்கிறவன். அவனிடம் எங்கிருந்தோ வந்த ஒரு டப்பா இருந்தது. நானோ ஜிங்க் ஆக்ஸைடு, தொண்ணூற்றொன்பது சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று மேலே எழுதியிருந்தது. கூடவே, மருந்தைப் பனி மாதிரிச் சன்னமாக அடிக்கிற ஒரு பேட்டரி மிஷின். ஆனி பிறந்ததிலிருந்து, ஞாயிறுதோறும் கேரம் ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால், சைனைட் மேட்டுத் தூசி உள்ளே வரக் கூடாது என்று ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு, நாலு மூலையிலும் அடித்திருக்கிறார்கள். வெளியே இருக்கும் தூசிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே அதைவிடச் சன்னமானதைக் காசு கொடுத்து வாங்கி அடித்திருக்கிறார்கள். உள்ளே முப்பத்தைந்து பேர். ஒருவருக்குக்கூட முழு நுரையீரல் கிடையாது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"நைனா, லேப்ல அந்தப் பொடியை நான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுதான் நிறுக்கறேன். முகத்துல மாஸ்க், கையில ரெண்டு க்ளவுஸ். மூச்சுல போனா ஜுரம் வரும்னு செவுத்துல எழுதி ஒட்டி வெச்சிருக்காங்க. நீ அதை மூடின ஹால்ல அடிச்சுகினு கீற!"

"ஏன், என் கால்ல கட்டினியே, அப்ப ஒண்ணும் ஆவலியே?"

"அது துணியில ஒட்டிகினு இருந்துச்சு. காத்துல பறக்கல. புண்ணுல இருக்கிற கிருமியைத்தான் கிழிச்சுது. மூச்சுல போனா நெஞ்சையே கிழிக்கும். எது கிருமி, எது ஜம்புலிங்கத்தோட நுரையீரல்னு அதுக்குத் தெரியாது."

"காத்துல எங்க பறக்குது? தண்ணில கலக்கிதானே அடிக்கிறோம்." நைனா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "தண்ணி இருந்தா தூசி ஏதும்மா? மிஷினுக்குள்ளயே தண்ணி பைப்பு உட்டுதான் பாறையை ஓட்டை போடுவோம். பால் மாதிரி சேறா ஊத்தும். அவசரத்துக்குத் தண்ணி இல்லாம மிஷின் ஓட்டினவனுங்க உண்டு. என் கேங்குல ஒரு நாள்கூட அது நடந்ததில்ல. அதான் எங்க ஆளுங்களுக்கு நான் மூக்குல துணிகூட கட்ட உட்டதில்ல. அந்தச் சூட்டுல துணி கட்டினா மூச்சு முட்டும். தண்ணி ஓடுதில்ல, துணி எதுக்குன்னு அவுத்துப் போடச் சொல்லிடுவேன்."

"அவ்ளோ தண்ணி ஓடியும் உனக்கு எப்படி நெஞ்சு போச்சு?"

"அது வெடி வெச்ச பொகை. அப்பால இந்த சைனைட் மேட்டுத் தூசி."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். முன்கூட்டியே தைத்து வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை லேபுக்கு லீவு சொல்லிவிட்டு வாசு கடைக்குப் போனேன். என்னோடு எட்டாவது வரைக்கும் படித்தவன்தான். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கம்பெனி விலாசம் இல்லை. ஒரு தடவைக்கு எவ்வளவு, ஆள் இருக்கும்போது அடிக்கலாமா, ஒன்றும் இல்லை. ஒரு பச்சை இலையும், இரண்டு பல்லிளிக்கும் குழந்தைகளும் படமாக இருந்தார்கள்.

"இது துணிக்கும் பெயிண்டுக்கும் போடற சரக்கு வாசு. மூச்சுல போகக் கூடாது."

"அய்யோ ரூபா, முகத்துல பூசுற வெயில் கிரீம்லயே இது கீதாம். குழந்தைங்க டயபர் க்ரீம்லயும் கீதாம். அப்புறம் இன்னா?"

"பூசலாம்டா. உறிஞ்சக் கூடாது."

"உங்க நைனாதானே கேட்டாரு. எம்பொண்ணு லேப்ல இதைத்தான் செய்யறான்னு சொல்லித்தான் வாங்கினாரு" என்றான். கடையை விட்டு இறங்கி வந்துவிட்டேன்.

சங்கத்து ஹாலுக்கும் போனேன். சைலஸ் மாமா கேரம் போர்டுக்கு மாவு தூவிக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர். நான் மூச்சு விடாமல் கால் மணி நேரம் பேசினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "வாங்கம்மா, டீ சாப்பிடுங்க" என்றார்கள். கடைசியில் சைலஸ் மாமா, "உங்க நைனா சொல்லட்டும் ரூபா. கேங்கு லீடரு அவன். தண்ணி விஷயத்துல அவன் சொன்னா சரியா இருக்கும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சுரங்கம் மூடி இருபத்தைந்து வருஷம் ஆகப் போகிறது, இன்னும் லீடராம். எனக்கு அந்தக் கேரம் போர்டைத் தூக்கி வெளியே எறியலாமா என்று வந்தது.

ஆக, முப்பத்தைந்து பேரும் கேட்கப் போவது ஒரே ஒரு ஆளின் பேச்சை. அந்த ஆளோ என் பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை.

அந்த வாரம் முழுக்கச் சண்டை. நான் ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் ஆரம்பிக்கும். போனில் படம் காட்டினேன், கட்டுரை படித்துக் காட்டினேன். லேப் மேடத்தையே போனில் பேச வைத்தேன். மேடம் பாவம், கன்னடத்தில் இருபது நிமிஷம் விளக்கினார். நைனா "ஹௌது மேடம், சரி மேடம்" என்று கேட்டுவிட்டு, போனை வைத்ததும், "அந்தம்மா அண்டர்கிரவுண்டுல எறங்கியிருக்காங்களா?" என்றார். வீட்டில் வைத்திருந்த மருந்து மிஷினை ஒளித்து வைத்தேன். அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். "அவரு ஆசைப்படறாரு, உடேன்" என்றாள். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சனிக்கிழமை மதியம், மறுநாள் ஹாலுக்குக் கொண்டுபோவதற்காக மிஷினைச் சார்ஜில் போட்டிருந்தார். எனக்குள் ஏதோ அறுந்து போனது. "சரி, வா. தண்ணி இருந்தா தூசி இல்லன்னு சொல்றல்ல. பாத்துடலாம் வா" என்று அவரையும் அம்மாவையும் வாசலுக்குத் தள்ளினேன். லேபிலிருந்து கொண்டுவந்த மாஸ்க்கைக் கட்டிக்கொண்டேன். முன்னறை ஜன்னல் கதவுகளைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு இருட்டாக்கினேன். அவர் கலக்கி வைத்திருந்த கரைசலை, அவர் ஹாலில் அடிக்கிற மாதிரியே நாலு மூலைக்கும் அடித்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"இப்ப இன்னா?" என்றார் நைனா.

"உக்காரு. முக்கா மணி நேரம்."

"எம் பீரோ, டிவி எல்லாம் உள்ள கீதுடி" என்று அம்மா புலம்பினாள். மூன்று பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

முக்கால் மணி கழித்து நைனாவுக்கும் ஒரு மாஸ்க்கைக் கட்டினேன். முனகிக்கொண்டே கட்டிக்கொண்டார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, போன் டார்ச்சை இருட்டுக்குள் அடித்தேன். வெளிச்சம் ஒரு கம்பு மாதிரி அறைக்குக் குறுக்கே நின்றது. அந்தக் கம்பு முழுக்கச் சன்னப் பொடி மினுக்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல், சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தரையைத் தொட்டுப் பாரு. காஞ்சு போச்சு. தண்ணி போயி எவ்ளோ நேரம் ஆச்சு! அப்ப இது இன்னா நைனா? சொல்லு. இது இன்னா?"

ஜெயித்துவிட்டேன் என்ற வெறியில் கத்தினேன். அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தலையை இடமும் வலமுமாகத் திருப்பினார். வெளிச்சமும் கூடவே திரும்பியது.

"என் தொப்பி லைட்டுலயும் இப்படித்தான் நின்னுச்சு" என்றார்.

"எப்ப?"

"கீழ சொரங்கத்துல மிஷின் ஓடும்போது. தெனமும். தண்ணிதான் பொகையா நிக்குதுன்னு நெனச்சேன்." போனை என்னிடம் கொடுத்தார். "மிஷினை நிறுத்தி, உக்காந்து சோறு துன்னுட்டு எழுந்தாலும் நிக்கும். தண்ணி அவ்ளோ நேரம் நிக்குமா? எனக்கு ஏன் அது தோணவே இல்ல?"

"தண்ணி பெரிய தூசியை அடக்கியிருக்கும் நைனா. நீ பண்ணது தப்பு இல்ல. தண்ணி இல்லாம இருந்திருந்தா இன்னும்…"

"சன்னமானது நின்னுச்சு. அதைச் சொல்லு."

"நின்னுச்சு" என்றேன்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அம்மா என்னைத் திட்டினாள். ஒரு வாரமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது, எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை அவரே ஹாலுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஆட்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். "தொறங்க, எல்லாத்தியும் தொறங்க" என்றார் நைனா. மிஷின் எங்கே என்று கேட்டார்கள். இனிமேல் மிஷின் கிடையாது என்றார். ஒரே சத்தம். "நீதானேப்பா எடுத்துகினு வந்த?" "காத்துல மண்ணு வருதேபா!" நைனா கையைத் தூக்கினார், அடங்கினார்கள். இதைத்தான் கால் மணி நேரம் பேசியும் என்னால் செய்ய முடியவில்லை.

எளிமையாகத்தான் சொன்னார். மருந்து புண்ணுக்கு நல்லது, மூச்சுக்கு விஷம். தண்ணீர் காய்ந்ததும் பொடி காற்றில் நிற்கிறது. தானே கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அந்த ஜுரம் மருந்து வேலை செய்கிற ஜுரம் இல்லை. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் மூச்சு விட்டேன்.

அவர் உட்காரவில்லை.

"இன்னொண்ணும் கீது. கீழ நம்ம லைட்டுல மினுமினுன்னு நின்னுச்சே, ஞாபகம் கீதா? அது தண்ணி இல்லபா. அது பாறை."

நைனா சைலஸ் மாமாவின் பக்கம் திரும்பினார். மாமாவின் தம்பி ஆபிரகாம் ஆறு வருஷம் நைனாவின் மிஷினுக்கு ஹெல்பராக நின்றவர். நாற்பத்து மூன்று வயதில் நுரையீரல் போய்ச் செத்தார். பீடிதான் அவனைத் தின்றுவிட்டது என்று கல்லறைத் தோட்டத்தில் நைனாதான் சொன்னார். பதினைந்து வருஷமாக லைனில் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். போதும் நைனா, மிஷினைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வா என்று கத்தலாம் போலிருந்தது.

"சைலஸு, உன் தம்பி மொத நாளு மூக்குல துணி கட்டிகினு வந்தான். நான்தான் அவுக்கச் சொன்னேன். தண்ணி ஓடுதில்லன்னு சொன்னேன். பீடி இல்லடா அது."

பீடியும் சேர்ந்துதான், இரண்டும் சேர்ந்தால்தான் அவ்வளவு சீக்கிரம் போகும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். நைனா என்னைப் பார்க்காமலேயே, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

சைலஸ் மாமா ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமினார். இருமி முடிக்க நேரம் ஆனது. கோபப்படுவார், எழுந்து அடித்துவிடுவார் என்று கூட நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை.

"கடைசி ஒரு மாசம் அவன் வேற ஒண்ணுமே கேக்கல ஜம்பு" என்றார். "ஒரே ஒரு பீடி குடுண்ணா, ஒரே ஒரு பீடின்னு கெஞ்சிகினே இருந்தான். நான் குடுக்கவே இல்ல."